பார்லர் அம்மாவின் சந்தேகம்

“டாக்டர், இந்த ஊசி போட்டுக்கிட்ட பிறகு குழந்தை பெத்துக்கலாமா?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எதிரே பியூட்டி பார்லர் நடத்தும் அம்மா. உதட்டுச் சாயம் கச்சிதம். வயது அறுபத்திரண்டு.

பக்கத்தில் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “மானத்தை வாங்காதே! பேரன் காலேஜ் போறான்.”

“உங்களை யார் கேட்டா?”

மார்பகக் கட்டியை ஆபரேஷன் செய்வதற்கு முன்பே, கீமோவோடு இம்யூனோதெரபி ஊசியும் போட்டுப் பார்க்கிற ஆய்வு அது. சேரச் சம்மதம் கேட்கும் படிவம் மேஜை மேல் கிடந்தது.

“அம்மா, உடம்புல தூங்கிட்டிருக்கிற காவல்காரங்களை எழுப்பி, கட்டி மேல ஏவி விடற ஊசி இது. இளமை ஊசி இல்லை.”

“தெரியுது. எழும்பினவன் கட்டியை விட்டுட்டு வேற எங்கயாவது கை வெச்சுட்டா?”

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “வைக்கலாம். தைராய்டு, குடல், ஈரல்... அதான் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்போம்.”

“சரி. குழந்தை?”

நர்ஸ் ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டாள்.

“சிகிச்சை நடக்கறப்ப கூடவே கூடாது. பின்னாடி வேணும்னா, முதல் ஊசிக்கு முன்னாலேயே சொல்லிடணும். கருமுட்டையை எடுத்துப் பத்திரமா வெச்சுக்க வழி இருக்கு. ஆனா அதெல்லாம் சின்ன வயசுக்காரங்களுக்கும்மா!”

“முதல் ஊசிக்கு முன்னாலேயே...” பார்லர் அம்மா ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். “யாரைப் பார்க்கணும்?”

“என்னைப் பாரு. பைத்தியம் பிடிச்சு நிக்கறேன்!” என்றார் கணவர்.

“ரெண்டாவது மாடி, கருத்தரிப்புப் பிரிவு,” என்றார் டாக்டர், சிரிப்பை அடக்க முடியாமல்.

அதற்குப் பிறகுதான் படிவத்தில் கையெழுத்துப் போட்டார் பார்லர் அம்மா.

வெளியே வந்ததும் கணவர் பொரிந்து தள்ளினார். “இனிமே அந்த ரூமுக்குள்ள நான் எந்த முகத்தோட வருவேன்?”

பார்லர் அம்மா காதில் வாங்கவே இல்லை. விறுவிறுவென்று வராந்தாக் கோடிக்கு நடந்தார். அங்கே, தண்ணீர் பிடிக்கிற சாக்கில் ஒரு இளம்பெண் அவருக்காகக் காத்து நின்றிருந்தாள். கல்யாணமாகி எட்டு மாதம். கையில் அதே படிவம். “உயிர் பொழைச்சா போதும், குழந்தைப் பேச்சை எடுக்காதே” என்று வாயை அடைத்த மாமியார், தள்ளி பெஞ்சில் இருந்தார்.

பார்லர் அம்மா சீட்டை அவள் கைக்குள் திணித்தார்.

“கேட்டுட்டேன்டி. வழி இருக்காம். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ரெண்டாவது மாடிக்குப் போ. வெட்கப்படாதே, உன் பங்குக்கும் சேர்த்து உள்ளே நானே பட்டுட்டேன்!”