ஏழாம் பூ

"நிஹ்லா, திரும்பவும் ஐஞ்சு இதழ். கழட்டு."

றஜிதா இதைச் சொல்வது மூன்றாம் தடவை.

ஒன்பது வயதுப் பிள்ளை முகம் சுளிக்கவில்லை. றேந்தை பின்னும் திண்டில் குத்தியிருந்த குண்டூசிகளைப் பிடுங்கினாள். நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு எடுத்து, ஏழாவது பூவை மட்டும் அவிழ்த்தாள்.

"ரீச்சர், அவளுக்கு ஐஞ்சுக்கு மேலை எண்ணத் தெரியாது," என்றாள் பக்கத்துத் திண்டு றிஸ்வியா. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

றஜிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு மணிக்கு, வகுப்பை நடத்தும் நிறுவனத்திலிருந்து சோமசேகரம் சேர் வருவார். பிழையில்லாத ஒரு முழம் றேந்தையைக் காட்டினால் வகுப்பு அடுத்த வருசமும் நடக்கும். இல்லையென்றால் அவள் திரும்பவும் சுன்னாகத்தில், அப்பாவின் வெங்காயத் தறையில். குடும்பத்தின் முதல் பட்டதாரி மண் கொத்துவதைப் பார்க்க ஊரே வேலியில் தொங்கும்.

வேலை கேட்டு அரசாங்கக் கச்சேரி வாசலில் வெயிலுக்குள் நின்று கத்திய நாலு வருசத்துக்குப் பிறகு கிடைத்த வேலை இது. தெற்கில் மூன்று கிழமைப் பயிற்சி, பிறகு சோனகத் தெருவில் ஒரு வீட்டுக் கூடம், ஆறு பிள்ளைகள். பாரம்பரியத்தைக் காப்போம் என்று பதாகை கட்டியிருக்கிறார்கள். காக்கிறவளுக்கு மூன்று மாத ஒப்பந்தம்.

மற்ற ஐந்து பேருக்கும் ஆறு இதழ் சரியாக வந்தது. நிஹ்லாவும் ஆறாம் பூவரை பிசகவில்லை. ஏழாவதில்தான் ஓர் இதழை விடுகிறாள். அந்த இடத்தில் சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஓட்டை.

பராக்கு என்று நினைத்து, றஜிதா பக்கத்தில் போய்க் குந்தினாள்.

பிள்ளை திண்டைப் பார்க்கவேயில்லை. வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கே யாரோ நின்று அவசரப்படுத்துவதைப் போல. கைகள் மட்டும் ஓடின. றஜிதாவுக்கே அந்த வேகம் வந்ததில்லை. கட்டைகள் முட்டிக்கொள்ளும் சத்தத்தில் கூடம் மெல்ல அடங்கியது.

ஐந்தாம் இதழ் முடிந்தது. கை ஒரு கணம் நின்றது. ஒரு துளையை விட்டு அடுத்ததுக்குத் தாவியது.

"ஆரடி உனக்கு இப்பிடிக் காட்டித் தந்தது?"

"ஒருத்தரும் இல்லை ரீச்சர். கை அப்பிடித்தான் போகுது."

 அந்தப் பிழை றஜிதாவுக்குத் தெரியும். மாதிரியைக் காகிதத்தில் குத்தியெடுத்தவள் அவள்தான். பார்த்து எடுத்த பழைய றேந்தையில் ஒவ்வொரு ஏழாம் பூவிலும் ஓர் இதழ் குறைவு. எவளோ கவலையீனமாகச் செய்தது என்று திருத்தி, ஆறாகக் குத்தித்தான் பிள்ளைகளிடம் கொடுத்தாள். பழையதை ஒருவருக்கும் காட்டவில்லை. எங்கிருந்து எடுத்தாய் என்று ஒருவரும் கேட்கவுமில்லை.

வீட்டுக்காரி றபீக்கா, நிஹ்லாவின் உம்மா, பிளேன்ரீத் தட்டோடு வந்தார். திண்டின் மேல் குனிந்தார். தட்டுச் சரிந்து ஒரு கிளாஸ் விழுந்து உடைந்தது. நிஹ்லா திரும்பவில்லை.

"அல்லாவே, இது எங்கடை சாச்சியின்ரை கையெல்லோ! கண்ணூறு படாதெண்டு ஏழாம் பூவிலை ஓர் இதழ் விடுவா. தன்ரை கலியாணத் தலையணைக்கெண்டு ஒரு சோடி உறை பின்னினவ."

தொண்ணூறாம் ஆண்டில், இரண்டு மணித்தியாலத்துக்குள் முஸ்லிம்கள் எல்லாரும் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்று துவக்கோடு வந்தவர்கள் சொன்னபோதும், றபீக்காவின் சின்னம்மாவான அந்தச் சாச்சி இதே கூடத்தில் வாசலைப் பார்த்தபடி பின்னிக்கொண்டிருந்தாராம். இழுத்துக்கொண்டுதான் போனார்களாம். உறைகள் தகரப் பெட்டிக்குள். பெட்டி விட்டுப்போன வீட்டுக்குள். சாச்சி புத்தளம் முகாமில் கலியாணமாகாமலே மவுத்தானார், நிஹ்லா பிறக்க எத்தனையோ வருசம் முதல்.

"இந்த மாதிரி உங்களுக்கு எங்கை கிடைச்சது ரீச்சர்?"

குரலில் குற்றம் சாட்டுதல் இல்லை. ஆசைதான் இருந்தது. அதுதான் றஜிதாவைக் கூசவைத்தது.

"இன்ரநெற்றிலை," என்றாள் றஜிதா.

தெருவில் சோமசேகரம் சேரின் வாகனம் வந்து நின்றது.

"விரலை எடுங்கோ ரீச்சர்," என்றாள் நிஹ்லா, வாசலிலிருந்து கண்ணை எடுக்காமல். "பூ பிஞ்சிடும்."

றஜிதா குனிந்து பார்த்தாள். அவளுடைய சுண்டுவிரல் ஏழாம் பூவின் ஓட்டைக்குள் அடிவரை போயிருந்தது. எப்போது விட்டாள் என்று தெரியவில்லை.

சுன்னாகத்து வீட்டில், தொண்ணூறு கடைசியில் அப்பா சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்த தகரப் பெட்டிக்குள் இருந்த தலையணை உறையில், அதே பூவுக்குள் அதே விரலை விட்டுக்கொண்டால்தான் குழந்தையிலிருந்தே அவளுக்கு நித்திரை வரும்.