கடைசியில் நின்ற அண்டா

தெருக்குழாயில் தண்ணீர் அரை மணி நேரம்தான் வரும். குடங்கள் இடித்துத் தள்ளும். கைப்பிள்ளைக்குக் கஞ்சி வைக்கத் தண்ணீர் பிடிக்க வரும் சொம்பு தினமும் வெறுமையாகத் திரும்பும். அதனால் எல்லாப் பாத்திரங்களும் கூடிப் பித்தளை அண்டாவைத் தலைவி ஆக்கின.

"நாலு போடு போட்டாத்தான் இதுங்க அடங்கும், அக்கா. என்னைக் கையில எடுங்க" என்றது மூலையில் கிடந்த கம்பு.

தலைவிக்கு முதல் இடம் ஒதுக்கியிருந்தன. அங்கே நின்றால் தண்ணீர் முழுக்கத் தன் வயிற்றுக்கே போய்விடும் என்று அண்டாவுக்குத் தெரியும். உருண்டு போய், வரிசையின் கடைசியில் இருந்த சொம்புக்கும் பின்னால் நின்றது.

முண்டியடித்துக்கொண்டிருந்த பச்சைக் குடம் திரும்பிப் பார்த்தது. அதற்கு என்னமோ போல் ஆகிவிட்டது. "நீ முன்னால போ, கண்ணு" என்று சொம்புக்கு வழி விட்டது.

சொம்பு நிறைந்தது. அண்டாவின் முறை வருமுன் தண்ணீர் நின்றுவிட்டது.

"தலைவி வயிறு காலி!" என்று சிரித்தது கம்பு.

"காலிதான். ஆனா இன்னைக்கு ஒருத்தரும் நசுங்கல, பாத்தியா?" என்று நிமிர்ந்தது அண்டா.

மறுநாள் கடைசி இடத்துக்குப் போனால், அங்கே பச்சைக் குடம் குந்தியிருந்தது.

"இது என் இடம், அக்கா."

"போடி, நான்தான் கடைசி" என்று பின்னாலேயே வந்தது சிவப்புக் குடம்.

குழாயடியில் அன்றும் சண்டைதான். கேட்கக் கேட்க அண்டாவுக்குப் பெருமை தாங்கவில்லை.