வகுபடாத மாப்பிள்ளை

"மூணால வகுபடுதுடி! இந்த நிரோஷன் பய வந்தா நம்ம குடும்பம் மூணாப் பிரிஞ்சிரும்!"

கந்தப்பளை கணக்கு மாஸ்டர் ஞானசேகரம் போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்ட் வரை கேட்டது. அடையாள அட்டை எண், எதாலும் வகுபடாத பகா எண்ணாக இருந்தால்தான் மாப்பிள்ளை என்பது அவர் சட்டம். வந்த வரன்களெல்லாம் வகுபட்டே ஓடிப்போனார்கள்.

"நல்லாப் பாத்தீங்களாப்பா?" என்றாள் மகள் வினோதா. தான் விரும்பும் நிரோஷனின் எண் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியவள் அவள்தான்.

"பன்னெண்டு இலக்கத்தையும் கூட்டினா ஐம்பத்தொண்ணு. எனக்கா கணக்குப் பிழைக்கும்?"

மனைவி செல்வராணி போனை வாங்கிப் பார்த்தாள். "ஏங்க, பொறந்த வருசத்துக்குப் பொறகு எழுநூத்திப் பன்னெண்டுன்னு இருக்கே. அந்த எடத்துல ஐநூறுக்கு மேல வந்தா பொம்பளைங்க நம்பருல்ல?"

"என் நம்பர்தாம்மா," என்றாள் வினோதா. "குடும்பத்தப் பிரிக்கிறவ நாந்தானாம். இனி அவரு நம்பர் எதுக்கு?"

அடுத்த மாதமே அவள் நிரோஷனைக் கட்டிக்கொண்டு ராகலைக்குப் போனாள். இந்த மனுசனோடு இனி முடியாது என்று செல்வராணி பொகவந்தலாவையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

தனியாகச் சோறாக்கும் மாஸ்டருக்கு ஒரே பெருமை. "பாத்தீங்களா? மீதியில்லாம மூணாப் பிரிஞ்சிருச்சு!"