கவிச்சி வாடை

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே கணவர் பக்கம் திரும்பினாள் நவமணி. காருக்குள் அழுகல் முட்டை நாற்றம் அடித்தது.

"எங்க, ஊதுங்க."

காரை ஓட்டிக்கொண்டே கார்த்திகேசு ஊதினார். கிராம்பு வாசனைதான் வந்தது. அப்படியும் அவளுக்கு அருவருப்பு அடங்கவில்லை.

விடிந்தால் தைப்பூசம். காய்ச்சலில் சாகக் கிடந்த மகன் பிழைத்தால், கணவர் விரதமிருந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பார் என்று வேண்டிக்கொண்டவள் அவள். பிள்ளை பிழைத்துவிட்டான். இப்போது இவர் கவிச்சி தின்றுவிட்டுக் காவடியைத் தொட்டால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று பயந்தாள்.

வீட்டுச் சாப்பாட்டைத் தவிர எதையும் தொடவில்லை என்று கார்த்திகேசு சாதித்தார். அவள் மூக்கிலிருந்து துணியை எடுக்கவில்லை.

சூலியா தெருவுக்குள் நுழைந்ததும் நாற்றம் இன்னும் கூடியது. முன்பக்கம் லேசாகப் புகை வேறு. எதிரிலேயே கார் பழுதுபார்க்கும் இப்ராஹிமின் பட்டறை.

"இங்க வேணாம்லா. வேற எடத்துல நல்ல ஆள் இருக்கான்" என்றார் கார்த்திகேசு.

இந்த நாற்றத்தில் இனி ஒரு அடிகூட வர முடியாது என்று காரை நிறுத்தவைத்து இறங்கிவிட்டாள் நவமணி.

இப்ராஹிம் சிகரெட்டை அணைத்துவிட்டு, இன்ஜினை நிறுத்தச் சொல்லி, பானட்டைத் திறந்தார். பேட்டரி வயிறு உப்பிக் கிடந்தது. ஓரத்தில் ஆசிட் கசிந்திருந்தது.

"கிட்ட வராதீங்க அக்கா. சார்ஜ் மிஞ்சி வீங்கிருச்சு. இதோட கேஸ்தான் முட்டை மாதிரி நாறுது. இப்பத் தொட்டா வெடிச்சு ஆசிட் கண்ணுல அடிக்கும். ஆறட்டும், அப்புறமா கையுறை போட்டுக் கழட்டுறேன்."

நவமணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. விரதமிருக்கும் மனிதரின் வாயை மோந்து பார்த்தோமே என்று தன் மேலேயே அருவருப்பு வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்க. வாங்க, பக்கத்துக் கடையில காப்பி குடிப்போம்."

தாகமில்லை என்று அவர் பின்வாங்கினார். பாவம், மனசு நொந்துபோயிருக்கிறார் என்று அவளே இழுத்துக்கொண்டு போனாள்.

உட்காருவதற்குள் கடைக்காரர் சிரித்த முகத்தோடு வந்துவிட்டார்.

"வாங்கண்ணே, இன்னிக்கும் அரைவேக்காடு முட்டை ரெண்டுதானே?"