ஐம்பதாவது கிலோமீட்டர்

எண்பது கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் ஐம்பதாவது கிலோமீட்டர் கூடாரம். இன்னும் எட்டு நிமிடத்தில் கேட்டை மூடிவிடுவார்கள். அதற்குள் தாண்டாதவர் போட்டியில் இல்லை.

நாற்காலியில் சரிந்து கிடந்தவரின் நாடியைப் பிடித்துப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அவர்மேல் கிடந்த மழைக்கோட்டில் 214 என்ற எண் குத்தியிருந்தது. காலடியில் குந்தியிருந்த பெண் அவருடைய ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இவர் இனி ஒரு அடி ஓடக் கூடாதும்மா."

"வேண்டவே வேண்டாம் டாக்டர். படுக்க வைங்க."

"நல்லது. அப்ப பட்டியல்ல 214-ஐ அடிச்சுடறேன்."

"ஐயையோ, அடிக்காதீங்க! முதல் மலை ஓட்டம், ஆறு மாச உழைப்பு!"

டாக்டருக்குத் தலை சுற்றியது. "படுக்கவும் வைக்கணும், நம்பரும் இருக்கணுமா? விளையாடறீங்களா?"

நாற்காலிக்காரர் முனகினார். "நான் போனாலும் பரவாயில்ல டாக்டர்... 214 ஓடியாகணும்."

"சரிதான், பிதற்றலும் ஆரம்பிச்சாச்சு!"

"மூணு நிமிஷம்தான் இருக்கு டாக்டர்!" என்று பதறினாள் அவள்.

எரிச்சலோடு பட்டியலில் 214-ஐத் தேடினார். பேனா அந்தரத்தில் நின்றது.

'பெண், வயது 46.'

"அப்ப... இவரு?"

"என் வீட்டுக்காரர். எனக்கு மாத்து சாக்ஸ் கொடுக்கக் கார் நிக்கிற இடத்துலேருந்து ரெண்டு கிலோமீட்டர் ஏறி வந்தாரு. வந்ததும் விழுந்துட்டாரு. நடுங்கறாரேன்னு என் கோட்டைப் போர்த்தினேன்."

சட்டென்று கோட்டை உருவி மாட்டிக்கொண்டு கேட்டை நோக்கிப் பாய்ந்தாள்.

"ஒரு கம்பளி போர்த்தி விடுங்க டாக்டர். முப்பது கிலோமீட்டர்தான், ஓடிட்டு வந்துடறேன்!"