குணமானால் வந்து சொல்லுங்கள்

"உங்க முகம் வெளியில யாருக்கும் தெரியாது ரத்தினம்மா. அதனால நீங்கதான் போகணும்," என்றார் டாக்டர் அப்துல் ஹமீது.

அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். சிராங்கூன் ரோட்டில் இருந்த அவருடைய கிளினிக்கில் ரத்தினம்மா சேர்ந்து ஆறு வருஷமாகிறது. மருந்து கொடுக்கிற சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, சீசாவில் தண்ணீர் மருந்தை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று காட்ட ஓரத்தில் காகிதம் வெட்டி ஒட்டித் தருவாள். நோயாளிகளுக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய இரண்டு கைகள்தான்.

எதிர்வரிசையில், இங்கிருந்து வாசல் தெரியாத ஒரு கட்டடத்தில், டாக்டர் சேதுபதி ஃபேன் எல்லாம் போட்டுப் புது கிளினிக் திறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதிலிருந்து இங்கே பெஞ்சுகள் காலி. வருஷக் கடைசிவரை இப்படியே போனால் மூடிவிட்டு ஈப்போவில் இருக்கும் அண்ணனிடம் போய்விடுவதாக டாக்டர் சொல்லியிருந்தார்.

வேலை வேறெங்காவது கிடைக்கும். ஆனால் 'ரத்தினம்மா' என்று ஒருவர் வாய் நிறையக் கூப்பிடுகிற இடம் அவளுக்கு இது ஒன்றுதான். கணவர் இறந்தபின் கெர்பாவ் ரோட்டில் ஓர் அறையில் தனியாக இருந்தாள். அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் 'மாடி ரூம்'.

"ஃபேன் நானும் வாங்கிடலாம். ஃபேனுக்காக மட்டும் ஜனங்க போக மாட்டாங்க லா. வேற என்னமோ பண்றாங்க. வயித்துவலின்னு போய் உட்காருங்க. எப்படிக் கூப்பிடறாங்க, என்ன பேசறாங்க, எல்லாத்தையும் பார்த்துட்டு வாங்க," என்றார் டாக்டர்.

வியாழக்கிழமை மத்தியானம் இங்கே கூட்டமே இருக்காது என்பதால் அன்றைக்குப் போகச் சொன்னார். ரத்தினம்மா குடையை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

"அங்க நம்பர் சொல்லிக் கூப்பிடறதில்லை டாக்டர்," என்றாள், குடையை மடித்தபடியே. "பேரைச் சொல்லித்தான் கூப்பிடறாங்க."

மறுநாளே நம்பர் அட்டைகள் மேசை டிராயருக்குள் போயின.

அடுத்த வியாழக்கிழமை இன்னொன்று கொண்டுவந்தாள். தனியாக வருகிறவர்களிடம் 'கூட யாரு வந்திருக்கா?' என்று அங்கே கேட்பதில்லையாம். டாக்டர் அசடு வழியச் சிரித்தார். அந்தக் கேள்வியை எல்லாரிடமும் முதலில் கேட்பவர் அவர்தான். அதையும் விட்டுவிட்டார்.

பெஞ்சில் நாலைந்து பேர் கூடினார்கள். ஆனாலும் போதவில்லை.

"துணிக்கடைக்காரர் 'திரும்ப வாங்க'ன்னு சொல்லலாம். சலூன்காரர் சொல்லலாம். நான் சொன்னா அடிக்க வருவாங்க," என்று அலுத்துக்கொண்டார் டாக்டர். "போயிட்டு வாங்கன்னு சொல்ல முடியாத வியாபாரம் இது ஒண்ணுதான். அந்த மனுஷன் என்னதான் சொல்லி அனுப்பறாரு? அதைக் கேட்டுட்டு வாங்க."

மூன்றாவது வியாழக்கிழமை ரத்தினம்மா திரும்பி வந்தாள். ஒரு சீசாவை எடுத்துத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த சீசா அது.

"அவங்க வேற மாதிரி சொல்றாங்க டாக்டர். 'உடம்பு குணமானா ஒரு நடை வந்து சொல்லிட்டுப் போங்க. அதுக்குக் காசு வேணாம்'னு."

டாக்டரின் பேனா நின்றது. "குணமானவங்க எதுக்கு வரணும்?"

"சொல்றதுக்கு," என்றாள் ரத்தினம்மா.

நம்பிக்கை இல்லாமல்தான் டாக்டர் அதைச் சொல்ல ஆரம்பித்தார். பத்து நாள் கழித்து, கப்பலில் மூட்டை தூக்கும் துரைசாமி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "இருமல் நின்னுடுச்சு டாக்டர்," என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டுத் துறைமுகக் குடியிருப்பில் ஒண்டியாக இருப்பவர். மறுவாரம் காய்ச்சலோடு கிடந்த அறைத் தோழர்கள் மூன்று பேரைக் கையோடு அழைத்து வந்தார். அவர்களும் குணமானதும் வந்து சொன்னார்கள். போகும்போது வேறு யாரையாவது அனுப்பி வைத்தார்கள்.

இரண்டே மாதத்தில் பெஞ்சு போதாமல் வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள். டாக்டர் ஈப்போவுக்குக் கடிதம் எழுதி, வரவில்லை என்று தெரிவித்துவிட்டார். ஜன்னலுக்கு வேறு ஆளைப் போட்டு, ரத்தினம்மாவை முன்னால் நாற்காலியில் உட்காரவைத்தார். குணமானவர்கள் சொல்வதை எல்லாம் கேட்டுக்கொள்வது இப்போது அவள் வேலை.

ஒருநாள் மத்தியானம் கண்ணாடி போட்ட ஒருவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"உங்க பேர் என்னங்க?" என்று கேட்டாள் ரத்தினம்மா.

"சேதுபதி. எதிர்த்த கிளினிக் டாக்டர்."

டாக்டர் ஹமீது எழுந்து வந்தார். சேதுபதி சுற்றி வளைக்கவில்லை. தம்மிடம் வந்தவர்கள் எல்லாம் இங்கே வந்துவிட்டார்கள், குணமானால் வந்து சொல்லச் சொல்கிறீர்களாமே, இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டார்.

ஹமீது சிரித்துவிட்டார். "உங்ககிட்டேயிருந்துதான். ஒளிச்சு என்ன ஆகப்போவுது? வியாழக்கிழமை மத்தியானம் நம்ம ரத்தினம்மா அங்க வந்து உட்கார்ந்து கத்துக்கிட்டு வந்தாங்க."

"வியாழக்கிழமையா?" சேதுபதி விழித்தார். "திறந்த நாள்லேருந்து வியாழக்கிழமை மத்தியானம் நாங்க பூட்டிடுவோமே. இன்னிக்கும் பூட்டிட்டுத்தானே வந்திருக்கேன்."

இருவரும் ரத்தினம்மாவைப் பார்த்தார்கள். அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் மாடி அறையில் இருபத்தொரு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்த அன்று, தேக்கா சந்தையில் கீரைக்காரரிடம் அவள் "எனக்குக் குணமாயிடுச்சு" என்று சொல்லிப் பார்த்தாள். "எத்தனை கட்டு வேணும்?" என்று கேட்டார் அவர்.