அந்த ஆண்டின் மனிதர்

செண்பகனூரில் ஒலியுல்லாவின் டீக்கடைக் கண்ணாடியில் பனி நீராக வழிகிறது. மிஷன் பங்களாவிலிருந்து பொட்டலம் மடிக்க வந்த ஆங்கில இதழ் ஒன்று பெஞ்சில் கிடக்கிறது. அட்டையில் '1958-இன் மனிதர்' என்று யாரோ ஒரு வெளிநாட்டுத் தலைவர் முறைக்கிறார். உலகையே ஆட்டிவைத்தவராம். கடையிலிருக்கும் எங்கள் யாருக்கும் இந்தத் தேர்வு பிடிக்கவில்லை. "இவரு ஆட்டி நம்ம மலையில எந்த எல அசஞ்சுச்சு? நம்ம பஸ் டிரைவர் பொன்னுச்சாமியையில்ல போட்டிருக்கணும்! அவரு மலையேறி வரலேன்னா ஊருக்குச் சீனி ஏது, தபால் ஏது?" என்று ஒலியுல்லா கரண்டியால் பாய்லரைத் தட்டுகிறார். வளைவில் ஹாரன் கேட்கிறது. வத்தலக்குண்டுக்கு இறங்கும் பஸ் உறுமிக்கொண்டே வந்து நிற்க, நாங்கள் ஓடிப்போய்ப் பொன்னுச்சாமியிடம் சங்கதியைச் சொல்கிறோம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து மீசையை நீவிக்கொள்கிறார். "சரி சரி, வெரசா ஏறுங்க. கலெக்டரே வந்தாலும் ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன்." பனிக்குள்ளிருந்து பூண்டு விற்கும் குப்பம்மாள் வருகிறாள். தலைக்கூடையை அந்த அட்டைப்பட முகத்தின் மேலேயே இறக்கிவைக்கிறாள். "ஏலே பொன்னுச்சாமி, ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்" என்று பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்து முந்தானையை உதறுகிறாள். பொன்னுச்சாமி, எங்கள் முகத்தைப் பார்க்காமல், எஞ்சினை அணைக்கிறார்.